அட்டாக் த பிளாக்: இத்தனை பேர் குடியிருக்கும் கட்டடத்தில் தனிமை எங்கிருந்து வருகிறது?

ராத்திரிக்காட்சி:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படத்தின் முடிவு வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஜோ கார்னிஷ் இயக்கிய அட்டாக் த பிளாக் (2011) படத்தைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். அதிலிருந்து ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. திகில் படம் எடுப்பவர்களின் முதல் வேலையே ஆட்களைத் தனியாக மாட்டவைப்பதுதான். காட்டுக்குள் ஒரு மரவீடு, பனி மூடிய ஓட்டல், நடுக்கடலில் கப்பல், இல்லையென்றால் விண்கலம். கத்தினாலும் யாருக்கும் கேட்கக்கூடாது, ஓடினாலும் போய்ச் சேர இடம் இருக்கக்கூடாது. இந்தப் படமோ தெற்கு லண்டனில், விண்டம் டவர் என்ற கற்பனையான கவுன்சில் அடுக்குமாடியில், அதாவது உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விடுகிற கட்டடத்தில் நடக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம். அன்றைக்கு பான்ஃபயர் நைட் வேறு, நவம்பர் 5, ஊர் முழுக்க வாணவேடிக்கை. நாயகி சாம் ஓவல் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வருகிறாள், அவ்வளவு பக்கத்தில் ரயில்.

இத்தனைக்கும் வானத்திலிருந்து வந்து விழுந்த மிருகங்கள் துரத்த, அந்தக் கட்டடத்துப் பையன்களான மோசஸும் அவன் கூட்டாளிகளும் உலகத்தில் வேறு யாருமே இல்லாதது போல மாட்டிக்கொள்கிறார்கள். அதை நான் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. சுற்றிலும் இவ்வளவு ஜனம் இருக்கும்போது அந்த உணர்வை எப்படிக் கொண்டுவந்தார்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். படம் வழிப்பறியோடு தொடங்குகிறது. முகத்தை மூடிய அதே பையன்கள் கத்தியைக் காட்டி சாமின் மோதிரத்தைப் பிடுங்குகிறார்கள். அடுத்த நிமிடத்திலிருந்து நாம் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும் என்று படம் எதிர்பார்க்கிறது. என்னுடன் பார்த்தவருக்கு அது கடைசி வரை ஒட்டவில்லை. எனக்கு ஒட்டியது, ஆனால் ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

கீழ்த்தளம்:

இந்தப் படம் தனிமைக்கான பழைய காரணங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தின் வாழ்க்கையிலேயே இருக்கும் காரணத்தை அங்கே மாட்டுகிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு திகில் கதை எழுதுகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. அதனால் சிக்னல் இல்லை என்று ஒரு வசனத்தை வைத்துக் கடந்துவிடுவார்கள். இங்கே சிக்னலுக்குக் குறைவே இல்லை, போனில் காசுதான் இல்லை. ஒரே ஒரு மெசேஜ் அனுப்பத்தான் மிச்சம் இருக்கிறது, இந்தக் கூத்தை எல்லாம் ஒரே மெசேஜில் எப்படி அடக்குவது என்று ஒரு பையன் கேட்பான். சிரிக்க வைக்கிற வசனம்தான். ஆனால் ப்ரீபெய்டு போனில் பென்னிகளை எண்ணிப் பேசுகிற வீட்டுப் பையன் அவன் என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது.

அப்புறம் போலீஸ். வழக்கமாக போலீஸ் நேரத்துக்கு வராது, அல்லது நம்பாது. இதில் வந்துவிடுகிறது, ஆனால் மோசஸைப் பிடிக்க வருகிறது. அவனை விலங்கு மாட்டி வேனில் ஏற்றிய பிறகுதான் அந்த மிருகங்கள் போலீஸ்காரர்கள் மேல் பாய்கின்றன. அதே வேனுக்குள் சாமும் இருக்கிறாள், அவனைக் காட்டிக்கொடுத்தவளே அவள்தான். இனி அவன் யாரிடம் போய் உதவி கேட்பான்? நடந்த சாவுகளை எல்லாம் தங்கள் தலையில்தான் கட்டுவார்கள் என்று அந்தப் பையன்களுக்குத் தெரியும். முதலில் போதைமருந்தை அனுப்பினார்கள், பிறகு துப்பாக்கியை அனுப்பினார்கள், இப்போது இதை அனுப்பியிருக்கிறார்கள் என்று மோசஸ் அரசாங்கத்தைச் சந்தேகப்படுவான். கதைப்படி அது தவறான ஊகம். ஆனால் அந்தப் பதினைந்து வயதுப் பையன் அரசாங்கத்தை எந்த இடத்தில் வைத்திருக்கிறான் என்று அதில் தெரிந்துவிடுகிறது.

ஆக, சுற்றிலும் ஆயிரம் பேர் இருக்கலாம். கூப்பிட்டால் வரக்கூடிய ஆள் யாரும் இல்லை என்றால் அது நடுக்காடுதான்.

மூன்றாம்மணி:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. நீங்கள் சொல்வதெல்லாம் கதையளவில் சரி, ஆனால் அட்டாக் த பிளாக் பயமுறுத்துகிறதா? என்னைப் பயமுறுத்தவில்லை. அது நல்ல துரத்தல் படம், நல்ல சண்டைப் படம். லண்டனையே பயங்கரமாக மாற்றிய படம் என்றால் எனக்கு டேனி பாயிலின் 28 டேஸ் லேட்டர் (2002) தான்.

கொள்ளைநோய் பரவி ஊரே காலியாகிவிட்டது தெரியாமல் நாயகன் ஜிம் ஆஸ்பத்திரியில் கண் விழித்து வெளியே வருகிறான். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. 2001 கோடையில் விடியற்காலை வெளிச்சத்தில் போக்குவரத்தைச் சில நிமிடங்கள் நிறுத்திவைத்து எடுத்த காட்சிகள் அவை. கேனான் எக்ஸ்எல்1 என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுத்ததால்தான் அவ்வளவு குறைந்த நேரத்தில் பல கோணங்களில் கேமராக்களை வைத்துச் சுருட்ட முடிந்தது. படம் கொஞ்சம் மங்கலாக, ஓரம் பிசிறடித்து இருக்கும். டிவி செய்தியில் பார்க்கிற காட்சி மாதிரி இருப்பதால் அதுவே பயத்தைக் கூட்டுகிறது.

அதில் எனக்குப் பிடித்தது இது. ஜிம் தெருவில் சிதறிக் கிடக்கும் பவுண்ட் நோட்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். இன்னும் பணத்துக்கு மதிப்பிருக்கிறது என்று நினைக்கிற கடைசி மனிதன் அவன், நமக்கு அது தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் நின்றுகொண்டிருக்கும் ஒரு காரில் அவன் கை வைக்க, அலாரம் அலறுகிறது. அந்தப் படத்தில் நம்மைத் திடுக்கிட வைக்கும் ஜம்ப் ஸ்கேரே ஒரு கார் அலாரம். மற்ற நாளில் லண்டன்காரர் யாரும் அதற்குத் தலையைக்கூடத் திருப்பியிருக்க மாட்டார். நகரத்தைப் பயத்துக்குப் பயன்படுத்துவது என்றால் எனக்கு அதுதான், தினமும் கேட்கிற சத்தத்தையே எடுத்து அடிவயிற்றைக் கலக்குவது. அட்டாக் த பிளாக்கில் மிருகத்தைச் சீக்கிரமே முழுசாகக் காட்டிவிடுகிறார்கள், அதன் பிறகு எனக்குப் பதற்றம் இருந்தது, பயம் இல்லை.

ஈரச்சுவர்:

மூன்றாம்மணி, நீங்கள் சொன்ன படத்திலேயே ஓர் அடுக்குமாடி வருகிறதே. ஃபிராங்கும் அவன் மகள் ஹன்னாவும் இருக்கிற கட்டடம். இருட்டிப்போன நகரத்தில் அந்த ஒரு ஜன்னலில் மட்டும் கிறிஸ்துமஸ் விளக்குகள் மின்னும். அது கிழக்கு லண்டன் பாப்ளரில் உள்ள பால்ஃப்ரன் டவர், எர்னோ கோல்ட்ஃபிங்கர் வடிவமைத்து 1967-ல் கட்டி முடித்தது. மாடிப்படியை சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிகளைக் குவித்து அடைத்திருப்பார்கள், அதன் மேல் ஏறித் தாண்டித்தான் போக வேண்டும். பிறகு ஒரே ஓட்டம், மாடிக்கு மேல் மாடி, லிஃப்ட் கிடையாது. ஜிம்முக்கு மூச்சு வாங்கும்போது நமக்கும் வாங்கும். மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் பிடிக்க வாளிகளும் தொட்டிகளும் பரப்பி வைத்திருப்பான் ஃபிராங்க், மழை பெய்யாததால் எல்லாம் காய்ந்து கிடக்கும். உயரம் அவர்களைக் காப்பாற்றியது, அதே உயரம் தண்ணீர் இல்லாமல் கொல்லவும் பார்க்கிறது.

அட்டாக் த பிளாக்கில் பயமே இல்லை என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புகைக் காட்சியை மறுபடி பாருங்கள். மிருகங்களைத் தாண்டிப் போகப் பையன்களே வாணங்களைக் கொளுத்திப் புகை கிளப்புகிறார்கள். அவர்களில் ஒருவனான ஜெரோம் பிறந்ததிலிருந்து ஓடி விளையாடிய காரிடார் அது. அந்த வெள்ளைப் புகையில் அவனுக்குத் திசை தப்பிவிடுகிறது. முன்னால் போனவர்கள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, சுவரைத் தடவுகிறான், அங்கேயே செத்துப்போகிறான். பேய்வீட்டுப் படங்களில் வருகிற புது ஆள் தெரியாத வீட்டில் வழி தப்புவான். இங்கே சொந்த வீட்டு வாசலில் வழி தப்புகிறது. 2017 ஜூன் 14-ல் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று அங்கே குடியிருந்தவர்களிடம் சொல்லப்பட்டது. படம் ஆறு வருடம் முந்தியது, அதற்கு இது எதுவும் தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியும்.

கிளைமாக்ஸில் கேஸைத் திறந்துவிட்டு வெடிக்க வைப்பதும் சும்மா வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1968 மே 16-ல் கிழக்கு லண்டன் கேனிங் டவுனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம், ஜனம் குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் ஒரு பெண் 18-வது மாடியில் அடுப்பைப் பற்றவைத்தார், கேஸ் வெடித்து அந்த மூலை முழுக்க சீட்டுக்கட்டு போலச் சரிந்தது, நான்கு பேர் இறந்தார்கள். அடுக்குமாடி மேல் பிரிட்டிஷ் மக்களுக்கு இருந்த நம்பிக்கையே அன்றைக்கு ஆட்டம் கண்டது. கார்னிஷ் இதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கவுன்சில் கட்டடம், கேஸ், வெடிப்பு என்று சேர்த்துச் சொன்னால் அந்த ஊரில் ஒரு தலைமுறைக்கே அந்த மூலை ஞாபகம் வரும்.

ராத்திரிக்காட்சி:

ஈரச்சுவர், புகைக் காட்சியைப் பற்றி எழுதியதற்கு நன்றி, அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. வழிப்பறி விஷயத்தை யாராவது எடுத்துக்கொள்ளுங்களேன். நான் அதிகம் யோசித்தது அதைத்தான்.

தெருவிளக்கு:

நான் எடுத்துக்கொள்கிறேன், இந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த விஷயமே அதுதான்.

அந்தத் தொடக்கத்தை ஒரு ஸ்லாஷர் படத்தின், அதாவது கொலைகாரன் ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் படத்தின் தொடக்கமாகப் பாருங்கள். தனியாக நடந்து வரும் பெண், கையில் போன், இருட்டுத் தெரு, எதிரே தலையை மூடும் ஹூடி சட்டை போட்டு முகத்தை மறைத்த உருவங்கள். கொலைகாரனை எப்படி அறிமுகப்படுத்துவார்களோ அதே இலக்கணத்தில் அந்தப் பையன்களை அறிமுகப்படுத்துகிறார்கள். செய்தித்தாளும் டிவியும் ஹூடி போட்ட பையன்களை அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தன, பார்ப்பவரின் மனதில் ஏற்கெனவே இருக்கும் பயத்தைப் படம் அப்படியே எடுத்து உபயோகிக்கிறது. அப்புறம் வானத்திலிருந்து ஒன்று விழுகிறது, முகத்துணிகள் இறங்குகின்றன, உள்ளே இருப்பது பருக்கூடச் சரியாக வராத முகங்கள். ஆயுதம் எடுக்க ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்கு ஓடும்போது பெரியவர்களிடம் சாக்குச் சொல்லிவிட்டுத்தான் திரும்ப வெளியே வர வேண்டியிருக்கிறது.

மிருகத்தின் தோற்றத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கண் கிடையாது, முகம் கிடையாது, வெளிச்சம் பட்டாலும் திருப்பித் தராத கறுப்பு, பல் மட்டும் நீலமாக ஒளிரும். இருட்டில் முகம் தெரியாமல் நிற்கும் உருவம். ஊர் இந்தப் பையன்களைப் பற்றி என்ன நினைத்துப் பயப்படுகிறதோ, அதுவே நான்கு காலில் அவர்களைத் துரத்துகிறது. மூன்றாம்மணி, சீக்கிரமே காட்டிவிட்டார்கள் என்றீர்கள். காட்டிய பிறகும் அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அதுதான் என்னை உறுத்தியது.

கார்னிஷ் தானே தெற்கு லண்டனில் வழிப்பறிக்கு ஆளானவர். பறித்த பையன்களும் தன்னைப் போலவே பயந்துபோய் இருந்ததைக் கவனித்ததிலிருந்துதான் இந்தக் கதை தொடங்கியது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்காகப் படம் வழிப்பறியை மன்னித்துவிடவும் இல்லை. நீ நம்ம பிளாக் என்று தெரிந்திருந்தால் உன்னிடம் பறித்திருக்க மாட்டோம் என்று பெஸ்ட் என்ற பையன் சமாதானம் சொல்வான். அப்படியானால் வேறு இடத்தில் இருப்பவளிடம் பறிக்கலாமா என்று சாம் திருப்பிக் கேட்பாள். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

உங்களுடன் பார்த்தவரிடம் ஒரே ஒரு காட்சியைக் காட்டுங்கள். கடைசியில் கேஸைத் திறந்துவிட சாம் தனியாக மோசஸின் வீட்டுக்குள் போகிறாளே, அங்கே. ஓர் அறையில் ஸ்பைடர்மேன் படம் போட்ட படுக்கை விரிப்பு. உனக்குத் தம்பி இருக்கிறானா என்று போனில் கேட்கிறாள். இல்லை என்கிறான். உனக்கு என்ன வயது? பதினைந்து. பார்த்தால் அதிகமாகத் தெரிகிறது என்கிறாள், அவன் தேங்க்ஸ் என்கிறான். அவனுக்கு அது பாராட்டாகப் படுகிறது. பெரியவனாகத் தெரிவதால்தான் ஊர் அவனைக் கண்டு பயப்படுகிறது, பெரியவனாகத் தெரிந்தால்தான் அந்தக் கட்டடத்தில் அவன் பிழைக்க முடியும், இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. ஜான் போயேகாவுக்கு அதுதான் முதல் படம். முகத்தில் எதையும் காட்டாமல் அதைச் சொல்லியிருப்பார்.

சுரங்கவழி:

தாமதமாக வருகிறேன். கீழ்த்தளம் சொன்னதை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு போக முடியும்.

கேரி ஷெர்மனின் டெத் லைன், 1972. லண்டன் பாதாள ரயிலில் ரஸ்ஸல் ஸ்கொயர் ஸ்டேஷன். 1892-ல் சுரங்கம் தோண்டும்போது மண் சரிந்து தொழிலாளர்கள் ஆணும் பெண்ணுமாக உள்ளே மாட்டிக்கொண்டார்கள், கம்பெனி திவாலானதால் தோண்டி எடுக்காமலே விட்டுவிட்டார்கள், அவர்கள் வம்சத்தில் கடைசி ஆள் இன்னும் உள்ளே இருந்து மனிதர்களை இழுத்துப்போய்த் தின்கிறான். இது கதை. ஆனால் படத்தில் போலீஸ் எப்போது அசைகிறது என்று பாருங்கள். அந்த ஸ்டேஷனில் முன்னாலும் ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள், அதற்காக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஓபிஇ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் காணாமல் போன பிறகுதான் டொனால்ட் ப்ளெசன்ஸின் இன்ஸ்பெக்டர் விசாரிக்கவே தொடங்குகிறார். மேலே தினமும் லட்சக்கணக்கில் ஜனம் போய்வருகிற இடம். கீழே விட்டுவந்தவர்களை யாரும் தேடவில்லை. அந்த மனிதனுக்குத் தெரிந்த ஒரே பேச்சு, கதவைக் கவனியுங்கள் என்று ரயிலில் சொல்லும் அறிவிப்பு. சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. பசிக்கும் கோபத்துக்கும் கெஞ்சலுக்கும் அவனுக்கு அந்த ஒரே வாக்கியம்தான். அவனை அரக்கன் என்று வெறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பக்கம் வந்தால் ரெமி வீக்ஸின் ஹிஸ் ஹவுஸ் (2020). பேய்வீட்டுப் படம் பார்க்கும் எல்லாரும் கேட்கிற கேள்வி, வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பது. பலரும் அதற்கு ஒரு நொண்டிச் சாக்கு வைப்பார்கள். இந்தப் படம் அந்தக் கேள்வியிலேயே வீடு கட்டியிருக்கிறது. போல் என்பவனும் அவன் மனைவி ரியாலும் தெற்கு சூடானிலிருந்து தப்பி வந்த அகதிகள், இங்கிலாந்தில் ஒரு நகரத்தின் ஓரத்தில் பாழடைந்த கவுன்சில் வீடு ஒன்றை அவர்களுக்கு ஒதுக்குகிறார்கள். வேலைக்குப் போகக்கூடாது, வேறு வீட்டுக்கு மாறக்கூடாது, வாராவாரம் அலுவலகத்தில் தலை காட்ட வேண்டும். மீறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆக சுவருக்குள் பேய் இருந்தாலும் அங்கேதான் இருக்க வேண்டும். என் வீட்டைவிட இது பெரியது என்று அந்த அதிகாரி வேறு சொல்கிறார். பேய் இருக்கிறது என்று வாயைத் திறந்தால், நன்றி கெட்டவர்கள், புத்தி பேதலித்தவர்கள் என்று கோப்பில் ஏறிவிடும்.

அதிலும் எனக்கு வீட்டைவிட அதிகமாகப் பயம் தந்தது வெளியே நடக்கும் ஒரு பகல் காட்சி. ரியால் ஒரு தாளை வைத்துக்கொண்டு வழி தேடிப் போகிறாள். எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரே மாதிரிச் சுவர், ஒரே மாதிரி வேலி, போன இடத்துக்கே திரும்பி வருகிறாள். கறுப்பினப் பையன்கள் சிலரைப் பார்த்ததும் நம்மவர்கள் என்று ஆறுதலோடு வழி கேட்கிறாள், அவர்களே அவள் பேச்சைக் கேலி செய்து ஆப்பிரிக்காவுக்குப் போ என்கிறார்கள். அதில் பேயும் கிடையாது, இருட்டும் கிடையாது.

மூன்றாம்மணி:

சுரங்கவழி, ஹிஸ் ஹவுஸ் பற்றி நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் சரி. அட்டாக் த பிளாக் விஷயத்தில் நான் என் இடத்திலேயே இருக்கிறேன், அது என்னைப் பயமுறுத்தவில்லை, ஆனால் கோபப்படுத்தியது, அதுவும் பெரிய விஷயம்தான். முக்கியமாக முடிவு. திகில் படத்தில் பிழைத்து வருகிற கடைசி ஆளுக்குக் கம்பளி போர்த்தி ஆம்புலன்ஸில் உட்கார வைப்பார்கள். மோசஸ் வெடிப்பில் வெளியே தூக்கி வீசப்பட்டு, ஜன்னலில் கட்டியிருந்த பிரிட்டிஷ் கொடியைப் பிடித்துத் தொங்கிப் பிழைக்கிறான், கீழே இறங்கியதும் விலங்கு மாட்டுகிறார்கள். சாம் அவனுக்காகப் பேசியும் பலனில்லை. வெளியே அவன் பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்துவது மட்டும் வேனுக்குள் கேட்கிறது. படம் 2011 மே மாதம் வந்தது, அதே வருடம் ஆகஸ்டில் வடக்கு லண்டன் டாட்டன்ஹாமில் தொடங்கிய கலவரம் லண்டன் முழுக்கப் பரவியது.

ராத்திரிக்காட்சி:

எல்லாருக்கும் நன்றி. ஸ்பைடர்மேன் விரிப்புக் காட்சியை நேற்று அவருக்குப் போட்டுக் காட்டினேன். பறித்தது பறித்ததுதான் என்கிறார், ஆனால் பதினைந்து என்று அவன் சொன்ன இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தார். அந்த ஹேகேட் எஸ்டேட் என்கிறார்களே, அட்டாக் த பிளாக்கின் வெளிப்புறக் காட்சிகள் எடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பு, அது இன்னும் இருக்கிறதா? டெத் லைன் தேடினால் கிடைக்கவில்லை, வேறு பெயர் உண்டா?

சுரங்கவழி:

ஹேகேட் இப்போது இல்லை. எலிஃபன்ட் அண்ட் காசில் பக்கம் 1974-ல் கட்டி முடித்த எஸ்டேட், குடியிருந்தவர்களைக் காலி செய்துவிட்டு 2011 தொடங்கி 2014-க்குள் மொத்தமாக இடித்துவிட்டார்கள். பையன்கள் சைக்கிளில் பறக்கிற அந்த மேல்நடைபாதை மாதிரி இடங்களை இனி படத்தில்தான் பார்க்க முடியும். டெத் லைன் அமெரிக்காவில் ரா மீட் என்ற பெயரில் வெளியானது, அந்தப் பெயரிலும் தேடிப் பாருங்கள். நிறையக் காட்சிகளை ஆல்ட்விச் ஸ்டேஷனில் எடுத்தார்கள், அதுவும் 1994-ல் மூடப்பட்டுவிட்டது. அந்த மனிதனின் இருப்பிடத்தை முதல்முறை காட்டும்போது கேமரா வெட்டே இல்லாமல் பல நிமிடம் மெதுவாக நகரும். அந்த ஷாட்டில் மட்டும் போனைக் கையில் எடுக்காதீர்கள்.